தொங்கு பாலமும் ஆற்றுப்படையும்

என் மேசைமீது 42 பயணக் கட்டுரைகள் கிடக்கின்றன. எங்கள் துறையின் முதுகலை மாணவர்கள் எழுதியவை. சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை அவர்களை ஒரு நாள் சுற்றுலாவாக ஒகேனக்கல்லுக்கு அழைத்துப் போயிருந்தோம். திரும்பி வந்ததும் ஆளுக்கு நான்கு பக்கம் எழுதித் தரவேண்டும், அதற்கு அகமதிப்பீட்டில் 10 மதிப்பெண் என்பது ஏற்பாடு. 42இல் 31 கட்டுரைகள் ‘இயற்கை அன்னையின் மடியில்’ என்றோ அதன் ஒன்றுவிட்ட உறவான ஒரு தொடரிலோ தொடங்குகின்றன. தொங்கு பாலம் வந்ததும் அத்தனை பேரும் பறக்கத் தொடங்கிவிடுகிறார்கள். வானில் மிதக்கிறார்கள், காற்றோடு கைகோக்கிறார்கள், தம்மை மறக்கிறார்கள். அந்தப் பாலம் எங்கிருந்து எங்கே போகிறது என்று ஒருவரும் எழுதவில்லை.

முதலில் கோபம்தான் வந்தது. சிவப்பு மையில் ஏதேதோ எழுதி அடித்தேன். பிறகுதான் உறைத்தது: மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர்கள் படிக்கும் பயணக் கட்டுரைகளை எழுதுகிறவர்கள் நாம். சிற்றிதழ்களில், இணைய இதழ்களில், இப்படிப்பட்ட கூட்டுப் பதிவுகளில் கடந்த இருபதாண்டுகளாக வந்துகொண்டிருக்கும் மலைப்பயணக் கட்டுரைகளை எடுத்துப் பாருங்கள். சொற்கள் நம் மாணவர்களுடையதைவிடச் செறிவானவை, அவ்வளவுதான். ‘இயற்கை அன்னை’ இருந்த இடத்தில் ‘பிரபஞ்ச மௌனம்’ வந்து அமர்ந்திருக்கிறது. ‘தம்மை மறக்கிறார்கள்’ என்பது ‘தன்னிலை கரைகிறது’ என்றாகியிருக்கிறது. மற்றபடி மலை அதே மலை, மனிதர்கள் அதே போல் காணாமற்போனவர்கள்.

இந்த எழுத்துமுறைக்கு எதிராகத்தான் இக்கட்டுரை. சமநிலையோடு எழுத முயலப்போவதில்லை.

பயணத்தைப் பற்றிச் சிறிது சொல்கிறேன். வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு மயிலாப்பூர்க் குளத்தருகே பேருந்து கிளம்பியது. ஏறத்தாழ 340 கிலோமீட்டர். திண்டிவனம், திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை வழியாகத் தருமபுரி, அங்கிருந்து பென்னாகரம், பிறகு மலைச்சரிவில் இறக்கம். செங்கத்தைத் தாண்டும்போது விடிகாலை மூன்று மணி இருக்கும். பேருந்தில் ஓட்டுநரையும் என்னையும் தவிர எல்லாரும் உறக்கம். இது செங்கம் என்று எழுப்பிச் சொல்லலாமா என்று நினைத்தேன், விட்டுவிட்டேன். முதற்பருவத்தில் அவர்களுக்குப் பத்துப்பாட்டு நடத்தியவன் நான். மலைபடுகடாத்தின் தலைவனான நன்னனுடைய செங்கண்மா இதுதான் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அந்த ஊரை உறக்கத்தில் கடந்துபோய், மறுநாள் ஒரு மலையைப் பார்த்துக் கட்டுரை எழுதினோம்.

மலைபடுகடாம் இங்கே தற்செயலாக வந்து விழவில்லை. தமிழின் மிகப் பழைய பயண எழுத்து என்று எதையேனும் சொல்ல வேண்டுமென்றால் ஆற்றுப்படைகளைத்தான் சொல்ல வேண்டும். பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன் ஒருவன், எதிரே வறுமையோடு வரும் இன்னொருவனுக்கு வழி சொல்வது அதன் அமைப்பு. ‘ஆறு’ என்றால் வழி. ஓடும் நீரையும் நடக்கும் பாதையையும் ஒரே சொல்லால் குறித்த மொழி இது. பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடிகள் கொண்டது. அதில் மலையழகு இல்லையா? கொட்டிக்கிடக்கிறது. மலையில் எழும் ஓசைகளை மட்டுமே அடுக்கிக்கொண்டு போகும் நெடும்பகுதி ஒன்று உண்டு, நூலின் பெயரே அதிலிருந்துதான். ஆனால் அந்த அழகெல்லாம் ஒரு வேலையின் நடுவே வருகிறது. பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கே இருக்கும், பாம்பு கிடக்கும் குழிகளை எப்படிக் கடப்பது, தினைப்புனக் காவலர் எறியும் கவண்கற்களிலிருந்து எப்படி ஒதுங்குவது, பாசி படிந்து வழுக்கும் இடத்தில் எதைப் பற்றிக்கொள்வது, இரவு எவர் வீட்டில் தங்கலாம், என்ன உண்ணத் தருவார்கள் என்று பின்னால் வருகிறவனுக்கு முன்னால் போனவன் சொல்கிறான். பின்னால் வருகிறவன் குழந்தை குட்டிகளோடும் இசைக்கருவிகளின் சுமையோடும் வருகிறவன் என்பது அவனுக்குத் தெரியும்.

நம் பயணக் கட்டுரைக்குப் பின்னால் யாரும் வருவதில்லை. அது தனக்கு எப்படித் தோன்றியது என்பதோடு முடிந்துவிடுகிறது.

ஒகேனக்கல் தொங்கு பாலம் எந்தவித ஆடம்பரமும் இல்லாத ஒன்று. சீட்டு வாங்கிக்கொண்டு ஏறலாம். இரும்பு வடங்கள், அவற்றிலிருந்து இறங்கும் கம்பிகள், நடைதளம். கீழே பாறை இடுக்கில் காவிரி. நடக்க நடக்கத் தளம் மெல்ல அசைந்து கொடுக்கும். ஐம்பது பேர் சேர்ந்து நடந்தால் அந்த அசைவு கூடும், கூடினால் மாணவர்கள் கூவுவார்கள். கூவினார்கள். நானும் ஒரு கணம் கைப்பிடியை இறுகப் பற்றினேன் என்பதை மறைப்பதற்கில்லை. அக்கரை என்று நான் நினைத்த இடத்தில் அருவியைப் பார்க்கும் வசதி இருந்தது. பார்த்துவிட்டுத் திரும்பி வந்தோம். எல்லாரும் திரும்பித்தான் வந்தார்கள்.

கரையில் ஒரு பரிசல்காரரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அறுபதைக் கடந்தவர். ஆற்றில் நீர் மிகுந்தால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போட்டுவிடும், அப்போது என்ன செய்வீர்கள் ஐயா என்று கேட்டேன். “தண்ணி ரொம்ப வந்தாலும் பூட்டு, ரொம்பக் கொறஞ்சாலும் பூட்டு சார். நடுவுல ஓடுற தண்ணிதான் எங்களுக்கு” என்றார். பிலிகுண்டுலுவில் எத்தனை ஆயிரம் கன அடி என்ற செய்தியை நாம் காவிரி அரசியலாகப் படிக்கிறோம், அவருக்கு அது அன்றைய அடுப்பு. தொங்கு பாலத்தில் நீங்கள் போவதுண்டா என்றும் கேட்டுவைத்தேன். சிரித்தார். “அதுல ஏறி நாங்க எங்க சார் போறது? அதும்மேல நின்னுக்கினு எங்களத்தான் போட்டோ எடுக்கறாங்க.”

ஒரு நாட்டின் எல்லாப் பாலமும் பயன்பாட்டுக்கே இருக்க வேண்டும் என்று வாதிட நான் வரவில்லை. பார்ப்பதற்கென்று ஒரு பாலம் இருக்கலாம், இருக்கட்டும். அதை நம்பிப் பொரித்த மீன் விற்கும் பெண்களும் எண்ணெய் தேய்த்துவிடும் ஆட்களும் பரிசல்காரர்களும் வாழ்கிறார்கள். என் வழக்கு வேறு. இத்தனை பாலங்களைப் பார்த்து இத்தனை பக்கங்கள் எழுதியவர்களாகிய நாம், பாலம் என்றால் கடப்பதற்கானது என்ற எளிய உண்மையை எப்போது மறந்தோம்?

அதே பரிசலை வேறோர் ஆற்றில் வைத்துப் பாருங்கள். நீலகிரி மாவட்டத்தில், மாயாற்றுப் பள்ளத்தாக்கில் தெங்குமரகடா என்றோர் ஊர் உண்டு. 1948இல் கூட்டுறவு விவசாயச் சங்கம் அமைத்து, காட்டுக்கு நடுவே நிலம் தந்து மக்களைக் குடியேற்றிய ஊர். பவானிசாகர்ப் பக்கமிருந்து காட்டுவழியே வரும் பேருந்து ஆற்றின் இக்கரையோடு நின்றுவிடும். ஊர் அக்கரையில். நடுவில் பரிசல். வெள்ளம் வந்தால் பரிசலும் இல்லை, ஊர் தனித்துப்போகும். பிரசவ வலி வந்தவளும் நெஞ்சுவலி வந்தவனும் ஆறு வடியக் காத்திருக்க வேண்டும். பாலம் கேட்டு அந்த மக்கள் கொடுத்த மனுக்களுக்குப் பல பத்தாண்டு வயது. வனத்துறைக்கும் காரணம் உண்டு. அது யானையும் புலியும் நடமாடும் காடு, பாறுக் கழுகுகள் கூடு கட்டும் பள்ளத்தாக்கு. பாலம் வந்தால் அதன் பின்னே சாலையும் விடுதியும் வரும் என்ற அச்சம் பொய்யன்று. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை போய், ஏறத்தாழ 500 குடும்பங்களை, குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் இழப்பீட்டுடன் வேறிடத்துக்கு அனுப்பும் பேச்சாக மாறியது.

யார் சொல்வது சரி என்று தீர்ப்பளிக்கும் தகுதி எனக்கில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவே: பார்க்க வருகிறவனுக்கு மலையில் பாலம் கிடைத்துவிடுகிறது, கடக்க வேண்டியவனுக்குக் கிடைப்பது விவாதம். ஓரிடத்தில் கேளிக்கையாக இருக்கும் பரிசல் இன்னோரிடத்தில் ஆம்புலன்சாக இருக்கிறது. மாயாற்றைப் பற்றி இணையத்தில் தேடினால் பரிசலில் ஏறி ‘காலம் உறைந்த கிராமம்’ என்று பரவசப்படும் காணொளிகள்தாம் வரிசையாக வருகின்றன.

பார்ப்பதற்கான பாலத்தையாவது ஒழுங்காகப் பார்க்கிறோமா? குஜராத்தின் மோர்பியில் மச்சு ஆற்றின்மேல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சமஸ்தான மன்னர் கட்டிய தொங்கு பாலம் இருந்தது. பழுதுபார்ப்பதற்காகப் பல மாதங்கள் மூடி, 2022 அக்டோபர் 26 அன்று திறந்தார்கள். நான்காம் நாள், அக்டோபர் 30 மாலையில், அது அறுந்து விழுந்து 135 பேர் இறந்தார்கள். முதல் சில நாட்களில் என்ன சொல்லப்பட்டது என்று நினைவிருக்கிறதா? சில இளைஞர்கள் வேண்டுமென்றே பாலத்தை ஆட்டினார்கள் என்று. ஆட்டினார்கள்தாம். தொங்கு பாலத்தில் ஏறுகிற எவரும் ஆட்டத்தான் செய்வார்கள், அதற்குத்தானே சீட்டு. பின்னர் சிறப்புப் புலனாய்வுக் குழு சொன்னது வேறு: பெருவடம் ஒன்றின் 49 கம்பிகளில் 22 முன்பே துருப்பிடித்திருந்தன. மரப்பலகைக்குப் பதில் அலுமினியத் தளம் போட்டதில் எடையும் கூடியிருந்தது. பழுதுபார்க்கும் பொறுப்பு தரப்பட்டிருந்ததோ கடிகாரம் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு. அத்தனை கண்கள் அந்தப் பாலத்தின்மேல் நின்று ஆற்றைப் பார்த்தன. வடத்தைப் பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை.

இவ்வளவு தூரம் போய் ஊரையெல்லாம் சாடுகிறவன் தன் வீட்டு வாசலையும் சொல்ல வேண்டும். நான் குடியிருப்பது அடையாற்றில். பெசன்ட் நகர்க் கடற்கரையிலிருந்து வடக்கே, பிரம்மஞான சபையின் பின்மதிலை ஒட்டி நடந்தால் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம் வரும். அங்கே நிற்கும் உடைந்த பாலத்தை அறியாத சென்னை வாசகர் இருக்க முடியாது. 1967இல் இக்கரை ஊரூர்ப் பக்கத்தையும் அக்கரைச் சீனிவாசபுரத்தையும் இணைத்து, மீனவ மக்கள் நடந்துபோவதற்கென்று கட்டிய பாலம். 1977இல் ஆற்றின் வேகத்தில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. பத்தே ஆண்டு உழைத்த அந்தப் பாலம் அரை நூற்றாண்டாக உடைந்தே நிற்கிறது. படப்பிடிப்புகள் நடக்கின்றன. திருமண ஜோடிகள் முன்கூட்டியே படம் எடுத்துக்கொள்கிறார்கள். மாலை வெயிலில் அதன் நுனியில் கால் தொங்கவிட்டு அமர்ந்து கவிதை எழுதாத இலக்கிய இளைஞன் தென்சென்னையில் உண்டா என்பது ஐயம்.

நான் எழுதினேன். கவிதையில்லை, கட்டுரை. வயது இருபத்து மூன்று. சிதைவின் சௌந்தர்யம் என்று தலைப்பு. இப்போது நின்றுபோய்விட்ட ஒரு சிற்றிதழில் வந்தது. மூன்று பாராட்டுக் கடிதங்கள் வந்தன, ஒன்று நான் மதித்த ஒரு மூத்த எழுத்தாளரிடமிருந்து. உடைந்ததால்தான் அது முழுமையடைந்தது என்ற பொருளில் ஒரு வரி எழுதி, அதைப் பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்து மகிழ்ந்திருக்கிறேன்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மா சீனிவாசபுரத்துக்காரர். சுற்றுலா முடிந்து வந்த வாரத்தில், தொங்கு பாலத்துக்குப் போய்வந்தேன் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். பாலம் என்றதும் அவர் தம் பாலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். “அப்ப நான் சின்னப் புள்ள சார். எங்க ஆயா கூடையத் தூக்கிக்கினு முன்னால போவும், நான் பின்னால ஓடுவேன். இப்பிடிப் போனா அப்பிடி ஊரூர். இப்ப பாருங்க, ஷேர் ஆட்டோ புடிச்சி, சாந்தோம் சுத்தி, திரு.வி.க. பாலத்துமேல வந்து, எத்தினி தூரம்.” இதைச் சொல்லிவிட்டு, சங்கரா கிலோ என்ன விலை என்ற என் கேள்விக்கு விடை சொல்லி, போய்விட்டார். அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை.

அன்றிரவு பரணில் ஏறி அந்தச் சிற்றிதழைத் தேடி எடுத்தேன். ஆறு பக்கக் கட்டுரை. அலை இருக்கிறது, நிலா இருக்கிறது, ஜெர்மன் தத்துவவாதி ஒருவர் இருக்கிறார், ஒரு நாய்கூட இருக்கிறது. பாலம் கட்டிய ஆண்டு இல்லை. அது யாருக்காகக் கட்டப்பட்டது என்பது இல்லை. அதன்மேல் நடந்தவர் ஒருவரும் இல்லை. அந்த ஆயா அப்போது உயிரோடிருந்திருக்கலாம். நான் கால் தொங்கவிட்டு அமர்ந்த இடத்திலிருந்து அவர் குடிசை தெரிந்திருக்கும்.

‘இலக்கியவாதி என்ன நெடுஞ்சாலைத்துறை அதிகாரியா?’ என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. மயிலாப்பூரில் நாங்கள் வழக்கமாகக் கூடும் ஓட்டலில் இதைப் பற்றி ஒரு மாலை முழுவதும் சண்டை நடந்தது. பயணம் என்பதே பயனிலிருந்து விடுபடுவதுதான், அங்கேயும் சமூகவியலைத் தூக்கிக்கொண்டு வந்தால் எழுத்து அறிக்கையாகிவிடும் என்றார் ஒருவர். மரியாதைக்குரிய வாதம்தான். ஆனால் சிட்டியும் தி. ஜானகிராமனும் காவிரியோடு நடந்து எழுதிய ‘நடந்தாய் வாழி, காவேரி’யை யாராவது அறிக்கை என்று சொல்வார்களா? அதில் ஆறு எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவு மனிதர்களும் பேசுகிறார்கள். ஏ.கே. செட்டியார் உலகத்தைச் சுற்றி எழுதியவற்றில் வருணனை எத்தனை வரி தேறும்? அவர் ஊரை ஆட்களைக்கொண்டு எழுதினார். இவர்கள் ஆற்றுப்படையின் பேரப்பிள்ளைகள். நாம் எந்த வம்சம் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. வெளிநாட்டுப் பயண இதழ்களின் படக்குறிப்புகளுக்குப் பிறந்தவர்களோ என்ற சந்தேகம் வருகிறது.

இன்னொரு நண்பர் கேட்டது கூர்மையானது. ‘அப்படியானால் உடைந்த பாலத்தைத் திரும்பக் கட்டச் சொல்கிறாயா? கட்டினால் கார்தான் போகும், குப்பம்தான் போய்விடும்.’ உண்மை. பட்டினப்பாக்கத்தையும் பெசன்ட் நகரையும் இணைக்கும் வாகனப் பாலம் பற்றிய பேச்சு பல ஆண்டுகளாக எழுவதும் அடங்குவதுமாக இருக்கிறது. மீனவக் குப்பங்களிலிருந்தும் சூழலியல் அக்கறை உள்ளவர்களிடமிருந்தும் எதிர்ப்பு வந்துகொண்டே இருக்கிறது. நானும் அந்த எதிர்ப்பின் பக்கம்தான். ஆனால் அரை நூற்றாண்டாக அந்த இடத்தில் நமக்கு இரண்டே கற்பனைகள் தோன்றியிருக்கின்றன: ஒன்று கார் போகும் பாலம், மற்றொன்று படம் எடுக்கும் இடிபாடு. கூடையோடு ஒரு பெண் நடந்துபோகும் பாலம் என்ற மூன்றாவது, 1967இல் ஏதோவோர் அரசு அலுவலகத்துக் கோப்பில் தோன்றிய அந்த எளிய எண்ணம், கற்பனையையே தொழிலாகக் கொண்ட நமக்கு ஏன் தோன்றவில்லை? இதற்கு அவர் பதில் சொல்லவில்லை. காப்பிக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்துவிட்டார், அதையும் என் கணக்கில் வைக்காமல்.

கட்டுரைகளுக்கு வருகிறேன். 42இல் ஒன்று வேறுமாதிரி இருந்தது. எழுதிய மாணவி தருமபுரி மாவட்டத்துக்காரர். பாலத்தைப் பற்றி இரண்டே வரி. மீதியெல்லாம் அவர் பாட்டியின் பற்களைப் பற்றி. அந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. பற்களில் கறை படியும், எலும்பு வளையும். பேருந்தில் போனால் எட்டிவிடும் தொலைவில் காவிரி கொட்டிக்கொண்டிருக்க, அவர் ஊரார் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்தே முதுமையடைந்தவர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்த பிறகுதான் குழாயில் காவிரி வந்தது. தோழிகள் எல்லாரும் அருவியைப் படம் எடுத்தபோது தனக்கு அது குழாய்த் தண்ணீராகவே தெரிந்தது என்று எழுதி, அதற்காக வெட்கப்படுவதுபோல் ஒரு மன்னிப்பும் கேட்டிருந்தார். வாக்கியப் பிழைகள் நிறைய. ஒற்று மிகும் இடம் ஒன்றிலும் மிகவில்லை. 10க்கு 9 போட்டேன். அந்த மன்னிப்பு வரிக்காக ஒன்றைக் குறைத்தேன்.

அடுத்த ஆண்டுச் சுற்றுலாவுக்கு இப்போதே பேச்சு தொடங்கிவிட்டது. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைத்து 2024 டிசம்பர் இறுதியில் திறந்த கண்ணாடிப் பாலத்துக்குப் போகவேண்டும் என்பது பெரும்பான்மை விருப்பம். துறைக் கூட்டத்தில் நான் மாற்று யோசனை ஒன்று வைத்தேன். மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023 மே மாதம் திறந்த ஆகாய நடைபாலம் இருக்கிறது. 570 மீட்டர். ரங்கநாதன் தெரு நெரிசலில் இடிபட்டுக்கொண்டிருந்தவர்கள் இப்போது புடவைப் பைகளோடும் குழந்தைகளோடும் அதன்மேல் நடந்துபோகிறார்கள். அதைப் பற்றி இதுவரை ஒரு பயணக் கட்டுரையும் என் கண்ணில் படவில்லை. காலை ஆறு மணி முதல் இரவு கடை மூடும்வரை அங்கேயே நின்று, யார் எங்கிருந்து எங்கே எதைச் சுமந்துகொண்டு போகிறார்கள் என்று பார்த்து, கேட்டு எழுதுவது, ஒரு நாள் பயணம், பேருந்துச் செலவு இல்லை என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். துறைத்தலைவர் நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். யோசனையை நான் திரும்பப் பெறவில்லை. இதுவரை ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், தருமபுரி மாணவி உட்பட.